கரண்ட் போனாலும் கெடாது... கோடையில் போடும் வத்தல் மழை வெள்ளத்தில் எப்படி கைகொடுக்கும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை சென்னையைப் புரட்டிப்போட்டது நினைவிருக்கலாம். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகளில் பலர் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். கரண்ட் இல்லை, பால் பாக்கெட்டுக்கும் தட்டுப்பாடு. கதவைத் திறக்காமலே வைத்திருந்தாலும், கரண்ட் போன ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம்தான் குளிர்ச்சியைக் காக்கும்.

ஆனால் வத்தல், வடகம், புளி, மாவடு இதுக்கெல்லாம் ஃப்ரிட்ஜே தேவையில்லை. மழைக்கான தயாரிப்பை மே மாத மொட்டைமாடியிலேயே தொடங்கிவிடலாம்.

வத்தல் ஏன் கெடுவதில்லை?

காயைக் கெடுக்கும் கிருமிகளும் பூஞ்சையும் வளர ஈரம் வேண்டும். உப்பு காயில் உள்ள நீரை வெளியே இழுக்கிறது. வெயில் அதை உலர்த்துகிறது. ஈரம் போய்விட்டால் கிருமி பெருக வழியில்லை. அவ்ளோதான் விஷயம்.

எந்தக் காயை எப்படி காய வைப்பது?

* சுண்டைக்காய்: லேசாகத் தட்டி, உப்பு போட்ட மோரில் ஊறவைத்து உலர்த்த வேண்டும்.
* கொத்தவரங்காய்: உப்புத் தண்ணீரில் அரைவேக்காடு வேகவைத்து, வடித்துக் காய வைக்கலாம்.
* மோர் மிளகாய்: கீறி, உப்பு சேர்த்த தயிரில் ஊறவைக்க வேண்டும். பகலில் வெயில், இரவில் மறுபடி அதே தயிர். தயிர் முழுக்க இழுக்கும் வரை இப்படியே தொடரணும்.

மற்ற வத்தல்களை மாலையில் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். பனி இறங்கினால் காய்ந்ததும் மறுபடி ஈரமாகிவிடும். தூசி, ஈ அண்டாமல் மெல்லிய வேட்டித் துணியால் மூடலாம்.

எங்கே தப்பு நடக்குது?

வெயிலில் இருந்து எடுத்த சூட்டோடு டப்பாவில் போட்டு மூடுவதுதான் பெரிய தப்பு. உள்ளே வியர்த்து, அந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். நன்றாக ஆறிய பிறகே மூட வேண்டும். கொத்தவரை வத்தலை ஒடித்தால் 'படக்'கென்று முறியணும். வளைந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் தேவை.

பூஞ்சை பிடித்ததைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்தக் கூடாது. காய்ந்த மிளகாய், வேர்க்கடலையில் வரும் சில பூஞ்சைகளின் நஞ்சு, வறுத்தாலும் முழுசாகப் போகாது.

வத்தல் மட்டும் போதுமா?

போதாது. வத்தலைப் பொரிக்க அடுப்பு வேண்டும். உப்பும் அதிகம் என்பதால் பிபி உள்ளவர்கள் அளவோடுதான் சாப்பிட வேண்டும். அதனால் அக்டோபருக்குள் இவற்றையும் எடுத்து வைப்பது நல்லது:

* அடுப்பில்லாமலே சாப்பிட அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம்
* குடிக்க, சமைக்க ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் தண்ணீர்
* ஒரு வாரத்துக்கான மருந்து, டார்ச், பவர் பேங்க்
* தண்ணீர் புகாத கவரில் ஆதார், ரேஷன் கார்டு

இதையெல்லாம் தரையில் வைக்காமல் பரணில் வைப்பது முக்கியம். வெள்ளத்தண்ணீர் பட்ட ஊறுகாய், வத்தல், மாவு எதுவாக இருந்தாலும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். அதில் சாக்கடையும் கலந்திருக்கும்.

அவசர உதவிக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. இரண்டு எண்களையும் இப்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.