இடித்தவர் ஒருவர், இழந்தவர் ஒருவர்

மூன்றாம் ஆண்டு, வணிகவியல்

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பணிக்கொடையில் வாங்கிய அவருடைய காரைப் பின்னால் வந்த லாரி ஒன்று இடித்து நசுக்கிவிட்டது. ஆசிரியர் பிழைத்தார், கார் பிழைக்கவில்லை. அவருடைய காப்பீட்டு நிறுவனம் தர முன்வந்த தொகை 2,30,000 ரூபாய். "கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாமா தம்பி?" என்று என்னைக் கேட்டார். காப்பீட்டுத் தத்துவங்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்த எனக்கு விடை தெரியவில்லை. அன்று தேடிக் கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

இழந்தவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, லாரிக்காரர்மீதும் அவருடைய காப்பீட்டு நிறுவனத்தின்மீதும் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்வது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், உயிருக்கும் உடலுக்கும் மட்டுமன்றிப் பொருளுக்கு நேர்ந்த சேதத்துக்கும் இவ்வழியைத் தருகிறது. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். மற்றொன்று, நம்முடைய சொந்தச் சேதப் பாலிசியில் கேட்பது. இதில் பணம் விரைவில் கிடைக்கக்கூடும். ஈடு கொடுத்த நிறுவனம் பிறகு நம் இடத்தில் நின்று லாரிக்காரரிடம் வசூலிக்கலாம். ஆனால் ஒரே நட்டத்துக்கு இருமுறை ஈடு பெற இயலாது.

ஆசிரியர் இரண்டாம் வழியில் சென்றவர். அவருடைய பாலிசியில் காரின் காப்பீட்டு மதிப்பு, அதாவது ஐ.டி.வி., 4,00,000 ரூபாய். பாலிசி விதிப்படி பழுது பார்க்கும் செலவு இம்மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது முழு நட்டம். அப்போது கட்டாயக் கழிவு போக முழு மதிப்பையும் தர வேண்டும். இங்கே அந்த எல்லை 3,00,000 ரூபாய்.

பிழை எங்கே? சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கினோம். வண்டியைப் பிரிக்கும் முன்பே, கண்ணுக்குத் தெரிந்த சேதத்தை மட்டும் அவர் கணக்கிட்டிருந்தார். ஒர்க்ஷாப்பில் பிரித்துப் பார்த்தபோது சேஸிஸே வளைந்திருந்தது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குரிய 50 விழுக்காட்டுத் தேய்மானத்தைக் கழித்த பின்னும் செலவு 3,12,000 ரூபாய் வந்தது.

சர்வேயர் அறிக்கை முக்கியமானதே. ஆயினும் அதுவே முடிந்த முடிவன்று என 2009இல் ஒரு லாரிச் சேத வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே ஆசிரியர் 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளில் கையெழுத்திடவில்லை. அப்படிக் கையெழுத்திட்டவர், வற்புறுத்தலாலோ வஞ்சனையாலோ இட்டதாக மெய்ப்பித்தாலன்றி மீள்வது கடினம். புகைப்படங்களும் புதிய மதிப்பீடும் இணைத்து நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினார். ஒரு மாதம் பதிலே இல்லை.

அதன்பின் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிட்டார். இங்கே கட்டணமில்லை; வழக்கறிஞரும் வேண்டியதில்லை. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் செல்ல வேண்டும். தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். இது நம் சொந்த நிறுவனத்தின் மீதான குறைகளுக்கே உரியது; லாரியின் நிறுவனத்தை இங்கே இழுக்க முடியாது. நுகர்வோர் ஆணையத்தை நாட விரும்புவோருக்கு இரண்டாண்டு அவகாசம் உண்டு.

முடிவில் ஆசிரியருக்கு 3,99,000 ரூபாய் கிடைத்தது. நசுங்கிய காரை நிறுவனம் எடுத்துக்கொண்டது.

நண்பர்களே, நம் வீடுகளில் பாலிசித் தாள் பெட்டிக்கடியில் உறங்குகிறது. விபத்து நேரும் முன்பே ஒருநாள் அதை எடுத்துப் படியுங்கள். கையெழுத்திடும் முன் கணக்கைக் கேளுங்கள். நாம் கற்கும் வணிகவியல், தெருவில் ஒருவருக்கேனும் உதவினால் அதுவே கல்வியின் பயன்.