முளைப்பில் போலி இல்லை

தர்மபுரி ஜில்லாவின் மானாவாரிச் செம்மண்ணில் விதைப்பு மழை தவறினால் அதனைத் திரும்ப அழைப்பார் இல்லை. ஆதலின், முளையாத கேழ்வரகு விதையால் நேரும் நஷ்டம் விதைக்கிரயத்தோடு நிற்பதன்று, அப்போகமே போய்விடும்.

பழந்தானியத்தைத் தூற்றிப் பளபளக்கச் செய்யலாம், சாயமேற்றலாம், சான்று விதைக்குரிய நீலச் சீட்டையும் போலியாக அச்சிடலாம். உயிரற்ற விதைக்கு முளையுண்டாக்க மாத்திரம் எந்த வியாபாரியாலும் ஆகாது.

எனவே மிராசுதார்கள் விதைப்புக்கு இரு வாரம் முன்னரே மூட்டையின் மேல், நடு, அடி மூன்றினின்றும் விதையெடுத்துக் கலந்து, நூறு எண்ணி, ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி நிழலில் வைக்கவும். துணி உலரலாகாது, நீரும் தேங்கலாகாது. நல்ல மணிகளாகப் பொறுக்கி எண்ணுவோர் சிலர் உளர். அவர் ஏமாற்றுவது தம்மையே. எட்டாம் நாள், வேரும் தளிரும் செவ்வையாக விட்டவற்றை மட்டும் கணக்கிடுக. வெறுமனே வாய் திறந்தவை சேரா. கேழ்வரகுச் சான்று விதைக்குக் குறைந்த அளவு 75.

அதற்குக் குறையின் விதைக்கலாகாது. பை, சீட்டு, ரசீது, மீதி விதை ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி விதை ஆய்வாளருக்குத் தாமதமின்றி அறிவிக்கவும். 1966ஆம் வருஷத்து விதைச் சட்டப்படி, விற்பனையிலுள்ள விதையில் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்குண்டு. கிராம நிர்வாக அலுவலர்கள் இதனைச் சிறு குடியானவர்களுக்கும் எடுத்துச் சொல்வார்களாக.