நெறி கட்டுவது ஏன்?

கிளாவரை என்பது பழனிமலைத் தொடரின் மேற்குப் பகுதியில், கேரள எல்லையை அடுத்து அமைந்த சிற்றூர். மலைச்சரிவைப் படிபடியாக வெட்டி அமைத்த அவ்வூர் வயல்களில் வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. தொழுவுரம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலுடன் உழைப்போருக்கு முள் தைப்பதும் மண்வெட்டி படுவதும் புதியன அல்ல. காலிற்பட்ட காயம் சீழ்ப்பிடித்தால், ஓரிரு நாளில் தொடையிடுக்கில் நெல்லிக்காயளவில் ஒன்று புடைத்து வலிக்கும். அதனை நெறி கட்டியிருப்பதாகக் கூறுவர். காயம் பாதத்தில் இருக்க, வீக்கம் தொடையிடுக்கில் தோன்றுவானேன்?

உடலின் திசுக்களினின்றும் வடியும் நிணநீர், மெல்லிய குழாய்களின் வழியே ஓடி மீண்டும் குருதியிற் கலக்கிறது. இடையிடையே அவரைவிதை போன்ற கணுக்களை அது கடந்து செல்லும். மனித உடலில் இவை ஏறத்தாழ 600 உள்ளன. காலின் நிணநீர் தொடையிடுக்குக் கணுக்களையும், கையின் நிணநீர் அக்குட் கணுக்களையும் அடையும். காயத்திற் புகுந்த கிருமிகளும் அவற்றின் நஞ்சும் அந்நீரோடு வந்து சேர்கின்றன. இவ்வயற்பொருள்களை ஆன்டிஜென் என்பர்.

கணுவினுள் பி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் கூட்டங்கூட்டமாக இருக்கின்றன. ஒரு செல்லின் மேலுள்ள ஏற்பிகள் யாவும் ஒரே வடிவின. அவ்வடிவுக்குப் பொருந்தும் ஆன்டிஜெனை மட்டுமே அது பற்றும். எண்ணற்ற செல்களுள் பொருந்துவன மிகச் சிலவே. அச்சிலவற்றிடம் ஆன்டிஜெனைச் சேர்ப்பது யார்?

கணுவின் உறைக்கு அடியில் பெருவிழுங்கு செல்கள் நிற்கின்றன. உடலின் பிற இடங்களில் இவ்வினத்துச் செல்கள் கண்டதை விழுங்கிச் செரித்துவிடும். இவையோ ஆன்டிஜெனைப் பெரும்பாலும் சிதைக்காமல் தம் மேற்பரப்பில் ஏந்தி, உட்புறத்திலுள்ள பி செல்களுக்குக் காட்டுகின்றன. இக்காட்சியை 2007 ஆம் ஆண்டில் வெவ்வேறு ஆய்வுக்குழுக்கள் எலிகளின் கணுக்களிற் கண்டறிந்தன. வடுகபட்டிச் சந்தைக்குச் செல்லும் மலைப்பூண்டை எவரும் இடித்துக் கொண்டுபோவதில்லை. முழுப்பூண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாலன்றோ வாங்குவோர் அதன் தரத்தை அறிவர்! பி செல்லும் அவ்வாறே முழு வடிவைக் கண்டே ஆன்டிஜெனை அறிகிறது. இதற்கு மாறாக, டி செல் என்னும் மற்றொரு வகைக்குச் சிதைத்த துணுக்கையே காட்டவேண்டும்.

கணுவின் உட்பகுதியில், கிளைகளை வலைபோல் விரித்த வேறு செல்களும் உண்டு. இவை ஆன்டிஜெனை மாதக்கணக்கிலும் காத்து வைக்கவல்லவை. ஆஸ்திரேலிய அறிஞர்களான நாசலும் ஏடாவும் 1960களில், கதிரியக்க அயோடின் சேர்த்த கிருமிப்பொருளை எலிகளிற் செலுத்தி, அது இவ்வலையில் தங்குவதைக் கண்டனர். ஆன்டிஜெனைப் பற்றிய பி செல், டி செல்லின் உதவி பெற்றுப் பலவாகப் பெருகுகிறது. அவற்றுள் நன்கு பொருந்துவன மிகுதியாகப் பற்றிப் பிழைக்க, பொருந்தாதன மடிகின்றன. பிழைத்தவற்றிற் சில எதிர்ப்பொருளைச் சுரக்கும். சில நினைவுச் செல்களாக நெடுநாள் வாழும்.

இவ்வாறு செல்கள் திரண்டு பெருகுவதாலேயே கணு வீங்குகிறது. ஆகவே, நெறியைத் தேய்த்துக் கரைக்க முயல்வது வீண். கழுவி மருந்திட வேண்டியது காயத்தையே. காயமின்றித் தோன்றி வாரக்கணக்கில் நீடிக்கும் நெறியையோ மருத்துவரிடம் காட்டவேண்டும்.

ஆயினும், கணுவின் இப்பயிற்சிக்கு இடங்கொடாத பகை ஒன்றுண்டு. மண்ணிலும் சாணத்திலும் வாழும் ரண ஜன்னிக் கிருமியின் நஞ்சு மிகக் கொடியது. உயிரைப் போக்கும் அளவு, பி செல்களைத் தூண்டப் போதாத சிற்றளவாகும். அதனால் அந்நோயிலிருந்து பிழைத்தவருக்கும் அதனை எதிர்க்கும் ஆற்றல் உண்டாவதில்லை. எனவே நஞ்சின் கொடுமையை நீக்கி, வடிவை மட்டும் பெரிதும் காத்து, வேண்டிய அளவில் ஊசி வழியே செலுத்துகின்றனர். குழந்தைப் பருவத்தில் இட்டதன் தொடர்ச்சியாக 10, 16 வயதுகளில் மேற்கையில் இடும் ஊசி இதுவே. அதன் பின் சிலருக்கு அக்குளில் சிறிதளவு நெறி கட்டுவதுண்டு. முள் தைக்குமுன்னரே அங்குள்ள கணுக்கள் அந்நஞ்சின் வடிவைப் பி செல்களுக்குக் காட்டத் தொடங்கிவிட்டன.