செடியைத் தெரிஞ்சுக்கிட்டுப் பறியுங்க!

"ஐயா, மஞ்சள் கரிசலாங்கண்ணி எங்க வீட்டு வாசல்லயே படர்ந்து கிடக்கு. வாரம் ரெண்டு நாள் பொரியல்தான்!"

நத்தத்தில் என்னிடம் வைத்தியத்துக்கு வரும் தாய்மார்களில் இப்படிப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. ஒரு கொத்து கொண்டு வரச் சொல்லிப் பார்த்தால், அழகுக்காக வளர்க்கிற வெளிநாட்டுக் கொடியாக இருக்கும்! இரண்டிலும் பூ மஞ்சள்தான். ஆனால், அழகுக் கொடியின் இலை மினுமினுப்பாக, மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். உண்மையான மஞ்சள் கரிசாலையின் இலை மடல் பிரியாமல் நீண்டிருக்கும்.

கீழாநெல்லி கதையும் இதுதான். இலையைக் கிள்ளினால் பால் வடிகிறதா? அது கீழாநெல்லி இல்லை. (காமாலை என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்து காரணத்தைக் கண்டுபிடியுங்கள். பித்தப்பைக் கல்லாலும் காமாலை வரும்.)

ஆள் மாறினால் ஆபத்து

நம் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிராகும் கண்வலிக்கிழங்கை, அதாவது செங்காந்தளை, வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்றால் உயிருக்கே உலை. இலை நுனி சுருண்டு கொழுகொம்பைப் பற்றும். அதுதான் அடையாளம்.

பெல்ஜியம் நாட்டில் 1990-களின் தொடக்கத்தில், உடம்பு இளைக்க மூலிகை மருந்து சாப்பிட்ட 100-க்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. சேர்க்க வேண்டிய சீன மூலிகைக்குப் பதிலாக, சீன மொழியில் கிட்டத்தட்ட அதே பெயருள்ள வேறொன்று சேர்ந்துவிட்டதுதான் காரணம். அது நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையின் இனம்!

படத்தைப் பார்த்துச் செடியைப் படிக்க முடியாது. தளிர், பூ, காய் என்று எல்லாப் பருவத்திலும், தெரிந்தவர் பக்கத்தில் நின்று காட்ட வேண்டும். சித்த மருத்துவ மாணவர்களைக் காட்டுக்கு அழைத்துப் போவது இதற்காகத்தான். குடும்பத்தோடு நீங்களும் அப்படிப் படிக்க ஒரு வழி, இயற்கை ஆர்வலர் சங்கங்கள்.

சங்கத்தில் என்ன செய்வார்கள்?

1883-ல் பம்பாயில் எட்டுப் பேர் கூடி ஆரம்பித்ததுதான் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம். சென்னையில் 1978-ல் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி தொடங்கியது. கொடைக்கானலில் 1985 முதல் பழனி மலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. பொதுவாக, இப்படிப்பட்ட சங்கங்களில் பட்டம், பதவி கேட்பதில்லை. ஆர்வம் இருந்தால் போதும். காலையில் கூடி நடப்பார்கள். செடி பார்ப்பவர்கள் ஒரு பக்கம், பறவை பார்ப்பவர்கள் ஒரு பக்கம்.

"செடி சரி, பறவை எதுக்கு?" என்று கேட்பீர்கள். பறவை பார்க்க விடியற்காலையில் எழ வேண்டும், பேச்சைக் குறைக்க வேண்டும், காதைத் தீட்ட வேண்டும். மனசு தானாக அடங்கும். பறவையைப் பார்ப்பதோ, குரலைக் கேட்பதோ மனநலம் மேம்படுவதோடு தொடர்புடையது என்று 2022-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வும் சொன்னது. எப்போதும் புத்தகத்தையும் செல்போனையும் பார்க்கும் பிள்ளைகளின் கண்ணுக்குத் தூரப் பார்வை நல்ல ஓய்வு. பனிக்காலத்தில் நம் தோப்புகளுக்கு விருந்தாளியாக வரும் ஆறுமணிக்குருவியை அவர்களுக்குக் காட்டுங்கள். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர்!

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். இது நின்று நின்று போகும் நடை. சர்க்கரை நோயாளிகள் வழக்கமான வேகநடையை இதில் கழித்துவிடக் கூடாது.

எப்படிச் சேர்வது?

பக்கத்தில் உள்ள கல்லூரியின் தாவரவியல் துறையிலோ, வனச்சரக அலுவலகத்திலோ விசாரியுங்கள். 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் 15 நிமிடம் பார்த்து எழுதினாலே கலந்துகொள்ளலாம். சங்கமே இல்லையா? நாலு குடும்பம் சேர்ந்து, விவரம் தெரிந்த ஆசிரியர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு, மாதம் ஒரு ஞாயிறு கண்மாய்க் கரைக்குப் போங்கள். செடி பார்க்க, ஐப்பசி மழைக்குப் பிந்தைய மாதங்கள் அருமையானவை.

கவனம் தேவை

* சர்க்கரை நோயாளிகள் வெறும் வயிற்றோடும், செருப்பில்லாமலும் போகக் கூடாது. தண்ணீர், பிஸ்கட் கையில் இருக்கட்டும்.

* புதருக்குள் கையை விடாதீர்கள். பாம்பு கடித்தால் பச்சிலை தேடாமல், நேரே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

* சிறுமலை, கரந்தமலை போன்ற இடங்களில் காப்புக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வாங்குங்கள்.

* பார்த்ததை எல்லாம் பறிக்காதீர்கள். நோட்டில் வரைந்து, இடத்தையும் தேதியையும் எழுதுங்கள்.

அந்த நோட்டைக் கொண்டு வந்து காட்டி, "ஐயா, இது சரியான செடிதானா?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் அடுப்பில் ஏற்றுங்கள். மூலிகை மருந்தாவது அதற்குப் பிறகுதான்.