முள் அசையக் கூடாது

ஸ்கூபா டைவிங் செய்பவர் முதுகில் சுமக்கும் சிலிண்டரை 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்றே பலரும் சொல்கிறார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான். தூய ஆக்சிஜன் சில மீட்டர் ஆழத்திலேயே உடலுக்கு நஞ்சாகத் தொடங்கிவிடும். பரவலாகப் புழங்கும் அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். அதில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் காற்று அடைக்கப்படுகிறது. கார் டயரின் அழுத்தத்தைவிட இது கிட்டத்தட்ட நூறு மடங்கு. அந்தக் காற்றை, இருக்கும் ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்துக்குக் குறைத்து வாய்க்குத் தருவது ரெகுலேட்டர். 1943இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமீல் கான்யானும் உருவாக்கிய கருவியின் வழியில் வந்தது அது.

கருவிகளைப் பூட்டும் வேலை சிலிண்டரிலிருந்து தொடங்குகிறது. கழுத்துப் பகுதியில் பொறித்திருக்கும் அழுத்தச் சோதனைத் தேதியை முதலில் பார்க்க வேண்டும். பிறகு மிதவை ஜாக்கெட்டின் பட்டையை நனைத்து, சிலிண்டரைச் சுற்றி இறுக்க வேண்டும். நைலான் பட்டை தண்ணீர் பட்டால் தளரும்; உலர்ந்த நிலையில் இறுக்கினால் கடலுக்குள் சிலிண்டர் நழுவிவிடலாம். இறுக்கியதும் ஜாக்கெட்டைப் பிடித்துத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கினால் பிடிப்பு எப்படி என்பது தெரிந்துவிடும்.

சிலிண்டர் வால்வின் வாயில் ஓ-ரிங் எனப்படும் சின்ன ரப்பர் வளையம் உண்டு. அதில் வெட்டோ வெடிப்போ மணலோ இருந்தால் காற்று சீறிக்கொண்டு வெளியேறும். வளையம் சரியாக இருந்தால், வால்வை ஒரு நொடி திறந்து மூடித் தூசியையும் ஈரத்தையும் வெளியேற்றிவிட்டு ரெகுலேட்டரைப் பொருத்தலாம். கையால் இறுக்கினாலே போதும். வாயில் வைக்கும் பகுதி வலது தோள் பக்கமும், அழுத்தமானியும் ஜாக்கெட்டுக்குக் காற்று தரும் குழாயும் இடப் பக்கமும் வர வேண்டும்.

வால்வைத் திறப்பதற்கு முன்பே ஒரு சோதனை உண்டு. ரெகுலேட்டரை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தால் காற்றே வரக் கூடாது. வந்தால் எங்கோ கிழிசல் இருக்கிறது. அந்த வழியாகக் கடல்நீர் உள்ளே வரும். அடுத்து, அழுத்தமானியின் கண்ணாடியை முகத்துக்கு நேரே வைக்காமல் திருப்பிப் பிடித்துக்கொண்டு வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும்.

இனி வருவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை. அழுத்தமானியைப் பார்த்தபடியே நாலைந்து முறை ஆழமாக மூச்சை இழுக்க வேண்டும். முள் அசையக் கூடாது. ஒவ்வொரு மூச்சுக்கும் முள் இறங்கி ஏறினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை என்று பொருள். வால்வை முழுக்கத் திறந்துவிட்டுக் கால் சுற்று பின்னால் திருப்பும் பழக்கம் நெடுநாள் இருந்தது. உதவிக்கு வரும் ஒருவர் திசையை மாற்றி முழுக்க மூடி, கால் சுற்று மட்டும் திறந்துவிட்டால் ஆபத்து அங்கேதான். மானி 200 பார் காட்டும். படகின் மேல் மூச்சும் தடையில்லாமல் வரும். ஆனால் 20 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் மூன்று மடங்கு காற்று தேவை. அந்தக் குறுகிய இடைவெளியால் அவ்வளவையும் தர முடியாது. முழுக்கத் திறந்து அப்படியே விடுவதே நல்லது.

மூச்சிழுக்கும்போதே வாடையையும் கவனிக்க வேண்டும். எண்ணெய் வாடையோ புகை வாடையோ அடித்தால் அந்த சிலிண்டரை ஒதுக்கிவிட வேண்டும். பிறகு ஜாக்கெட்டை முழுக்க ஊதி, காற்று கசிகிறதா, வெளியேற்றும் வால்வுகள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கலாம். பூட்டி முடித்ததைப் படுக்க வைப்பதே பாதுகாப்பு. ஆடும் படகில் நிற்கும் சிலிண்டர் சாய்ந்தால் வால்வும் உடையும், காலும் நசுங்கும்.

நீரில் இறங்குமுன் கூட வருபவரும் தானுமாக ஒருவர் கருவியை மற்றவர் சரிபார்க்க வேண்டும்: ஜாக்கெட், எடைப் பட்டி, கொக்கிகள், காற்று. எடைப் பட்டியை ஒரே கையால் கழற்ற முடிய வேண்டும்.

புதுச்சேரியிலும் அந்தமானிலும் சுற்றுலாப் பயணிகளுக்குப் பயிற்சியாளர்களே எல்லாவற்றையும் பூட்டித் தருகிறார்கள். அப்போதும், இறங்குமுன் மானியைக் கேட்டு வாங்கி, முள்ளைப் பார்த்தபடி நாலு மூச்சு இழுத்துப் பாருங்கள். நல்ல பயிற்சியாளர் யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.