துவிச்சக்கரவண்டியும் மலைத்தடமும்

திணை மயங்கலாம், நிலம் மயங்காது என்பது தொல்காப்பிய விதி. எமது கீழைத்தேயக் கல்லூரியில் இவ்விதியைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் என் மனக்கண்முன் திருக்கோணமலை வந்துநின்று நகைப்பதுண்டு. அங்கே குறிஞ்சியும் நெய்தலும் ஓர் எல்லைக்கோடும் இன்றிக் கலந்து கிடக்கின்றன. கோணேசர் மலை கடலுக்குள்ளேயே கால்நீட்டி நிற்கிறது. நகரத்தின் நடுவே உவர்மலை. துறைமுகத்தைச் சுற்றிலும் குன்றுகள். மேற்கே அநுராதபுரம் வீதியிற் சென்றால், கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் கடலோசை எட்டாத காட்டோரத்தே வெவ்வேறு சூட்டோடு நீராவி விடுகின்றன. இத்தகைய நிலத்தில் நடப்பவனுக்கு ஒரு நாழிகை மணலும் மறு நாழிகை கல்லும் காலிற் படும்.

என் பிறந்த ஊர் அந்நகருக்கு வடக்கே, நிலாவெளி வீதியை அண்டியது. ஊரின் பெயரை ஈண்டுச் சொல்லேன். காரணம் பின்னர் விளங்கும். 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஊர் கலைந்தது. அப்போது எனக்கு வயது 18. தந்தையாருடைய றலி வண்டியை வீட்டுக்கோடியிற் சாத்திவிட்டு, கையிற் கொண்டது போக மற்றெல்லாவற்றையும் விட்டு வெளிக்கிட்டோம். யாழ்ப்பாணத்தில் மின்சாரமின்றி இருந்த அக்காலத்திலே, துவிச்சக்கரவண்டியை நிறுத்திவைத்து மிதியைச் சுற்றி, தைனமோவிற் பிறக்கும் மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்டோர் எத்தனை பேர்! தந்தையார் அவ்வாறு கேட்டதெல்லாம் ஊர் திரும்பும் செய்திக்காகவே. அச்செய்தி வருமுன் 1997 இற் கண்மூடினார்.

நிற்க. சென்ற ஆவணி விடுமுறையில் நான் திருக்கோணமலை சென்றிருந்தபோது, என்னிடம் தமிழ் கற்ற மாணவனொருவன் காண வந்தான். எங்கள் ஊர்க்காரன்; உப்புவெளிக் கடற்கரையிலுள்ள விடுதியொன்றில் வேலை செய்பவன். அவன் ஏறிவந்த வண்டி என் கண்ணை ஈர்த்தது. ரயர் பருத்து, முதலையின் முதுகுபோற் கரடுமுரடாயிருந்தது. முன்சில்லைத் தாங்கும் கவர் இரண்டிலும் வில் அமைத்திருந்தார்கள். மட்காட் இல்லை, கரியர் இல்லை, மணியும் இல்லை. மலையில் ஏறுவதற்கும் இறங்குவதற்குமென்றே செய்தது என்றான்.

"அப்படியாயின் இதற்கு மலைத்துவிச்சக்கரவண்டி என்று பெயரோ?" என்றேன்.

"ஐயா, அந்தப் பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் மலையால இறங்கிடுவன்" என்று சிரித்தான்.

அவன் சொன்னதில் உண்மை உண்டு. துவி என்ற வடசொல்லும் சக்கரம் என்ற வடசொல்லும் வண்டியோடு கூடி நம் நாட்டு அரசாங்கப் பத்திரங்களில் நிலைபெற்றன. தனித்தமிழ் அன்பர்கள் ஈருருளி என்பர். ஊரார் வாயில் வழங்குவதோ சயிக்கிள்தான். மூன்றும் இருந்துவிட்டுப் போகட்டும். மலைவண்டி என்று நான் சுருக்கிச் சொல்வதைப் பண்டிதர்கள் பொறுத்தருள்க.

இம்மலைவண்டி பிறந்ததும் கடலருகே நின்ற ஒரு மலையின் பக்கத்திலேயே என்பதை அவன் சொல்லித்தான் அறிந்தேன்; பின்னர் நூல்களிலும் பார்த்தேன். ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சன் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, பசிபிக் கடலைப் பார்த்தபடி 784 மீற்றர் உயர்ந்து நிற்பது தமால்பாயிஸ் மலை. அதனையடுத்த பெயர்பாக்ஸ் என்னும் சிற்றூருக்கு மேலே, 1976 ஒக்டோபரில், இளைஞர் சிலர் பழைய இரும்பு வண்டிகளை மலைமேல் ஏற்றிக் கீழ்நோக்கி விட்டு, யார் முந்துவார் என்று பந்தயம் வைத்தார்கள். அவ்வண்டிகளில் மிதியைப் பின்னோக்கி அழுத்தினாற் பின்சில்லின் குடம் இறுகித் தடையாகும். இரண்டு மைல் இறக்கத்தில் அக்குடம் கொதித்து, உள்ளிருந்த கிறீஸ் புகையாய்ப் போய்விடும். ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னும் புதிதாய்க் கிறீஸ் திணிக்கவேண்டியிருந்ததால் 'மீள்திணிப்பு' என்ற பொருள்படும் 'ரீபக்' என்பதே அப்பந்தயத்தின் பெயராயிற்று. மறு ஆண்டில் அவர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ் இவ்வோட்டத்துக்கெனவே வண்டியொன்றைக் கட்டினார். 1996 இல் அற்லாண்டா ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டியாகவே ஏறிவிட்டது.

ஆயினும் அதே 1996 இல் நடந்த வேறொன்றை என் மாணவன் சொல்லவில்லை. பிறந்த மலைப்பக்கத்திலேயே மலைவண்டிக்கு எதிர்ப்பு மூண்டது. நடப்போரும் குதிரையேறுவோரும் முறையிட, ஒடுங்கிய தடங்கள் பல வண்டிகளுக்கு அடைக்கப்பட்டன. அகன்ற பாதைகளில் மணிக்கு 15 மைல் என வேகம் வரையறுக்கப்பட்டது. அம்மலையை அடுத்த தேசிய நிலங்களில் விதித்த தடையை எதிர்த்து வண்டிக்காரர் வழக்காடினர். மேன்முறையீட்டு நீதிமன்றம் தடை செல்லும் என்றே தீர்த்தது.

இதனை நான் ஈண்டு விரிப்பதற்குக் காரணம், என் மாணவன் கேட்ட கேள்வி.

"ஐயா, எங்கட ஊருக்கு மேற்கால பழைய விறகுப்பாதை ஒண்டு இருந்ததெண்டு அம்மம்மா சொல்லுறவா. உங்களுக்கு இடம் தெரியுமோ?"

தெரியும் என்று சற்றும் எண்ணாமற் சொல்லிவிட்டேன். பத்து வயதில் தந்தையாரின் பின்னே எத்தனை முறை நடந்த வழி! சங்கச் செய்யுளில் வரும் 'அதர்' என்ற சொல்லுக்கு நான் பொருள் சொல்லும்போது மாணவர்க்கு விளங்குகிறதோ இல்லையோ, எனக்கு விளங்குவது அவ்வொற்றையடிப் பாதைதான்.

மறுநாள் விடியற்புறம் புறப்பட்டோம். அவன் மலைவண்டியில், நான் 2022 எரிபொருட் பஞ்சத்தில் விலையேறியிருந்தபோது வாங்கிய லுமாலாவில். காட்டோரத்தை அடைந்ததும் என் அறிவு வெளிப்பட்டது. பாதையின் வாய் எங்கேயென்று எனக்குத் தெரியவில்லை. பாலையும் வீரையும் வானை மூடி நின்றன; அடியிலே காரையும் சூரையும் வேலிபோற் பின்னியிருந்தன. இரண்டிடத்தில் நுழைந்து, யானை இலத்தியைக் கண்டு திரும்பினோம். முப்பத்தைந்து ஆண்டு என்பது ஒரு காட்டுக்குப் போதிய காலம். அதிலும் கண்ணிவெடி அச்சத்தால் மனிதர் கால்வையாதிருந்த ஆண்டுகள் பல. நடப்பார் இல்லையேல் தடம் ஏது?

மாடு சாய்த்துவந்த முதியவர் ஒருவர் எங்களைக் கண்டு நின்றார். என்னைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார்.

"நீங்கள் ஆற்ற மகன், தம்பி?"

தந்தையார் பெயரைச் சொன்னேன்.

"அந்த மனிசன் கரியரில விறகு கட்டினா வீடு போய்ச் சேருமட்டும் ஒரு கொள்ளி அசையாது" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. கைத்தடியாற் சூரைக் கொடியை விலக்கிவிட்டு முன்னே நடந்தார். நாங்கள் இரண்டு முறை கடந்துசென்ற இடத்திலேதான் வாயில் இருந்தது. மாடுகள் அதனை மறக்கவில்லை.

பாதை குன்றைச் சுற்றிச் சுற்றி ஏறிற்று. தந்தையார் நீர் அள்ளிக் குடிக்கும் பாறைச்சுனையும் அவ்விடத்திலேயே இருந்தது. ஆவணியாதலால் அடியில் ஒரு சிரட்டை நீரே கிடந்தது. உச்சியில் நின்றால் கிழக்கே கடலும் புறாமலைத் தீவும் தோன்றின. மாணவன் மகிழ்ச்சி தாளாது, வளைவுகளையெல்லாம் விட்டு நேர்கீழாக வண்டியை விட்டான். பாதி வழியிற் பின்சில்லு இறுகி, மண்ணைக் கீறிக்கொண்டு சறுக்கிச் சென்று ஒரு காரைப் பற்றையில் வீழ்ந்தான். முழங்காலிற் சிறு காயம். முதியவர் அவனைப் பார்க்கவில்லை. மண்ணிற் கிடந்த கீறலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாரி வந்தா இது வாய்க்காலாப் போம்" என்றார்.

அவர் சொன்னது வேடிக்கைப் பேச்சன்று. ஐப்பசி, கார்த்திகையில் வாடையோடு வரும் மழை, நேரே கிடக்கும் எந்தக் கீறலையும் தனக்கு வழியாக்கிக் கொள்ளும். அடுத்த ஆண்டில் முழங்கால் ஆழம், பிறகு இடுப்பளவு. இக்காலத்தில் மலைத்தடம் அமைப்போர் இதற்கொரு கணக்கு வைத்திருக்கின்றனர். தடத்தின் சரிவு மலைச்சரிவின் பாதிக்கு மேற்படலாகாது. தடம் வெளிப்புறமாகச் சற்றே சாய்ந்திருக்கவேண்டும். அப்போதுதான் நீர் தடத்திலே ஓடாது குறுக்கே கடந்துபோகும். எங்கள் விறகுப்பாதையை அளந்து பார்த்தால் இக்கணக்குக்கு அதிகம் பிசகாது என்றே நினைக்கிறேன். தலையிற் சுமையோடு இறங்குபவளால் நேரே இறங்கமுடியாது. அவ்வளைவுகள் சோம்பலால் வந்தனவல்ல.

சுனையடியில் அமர்ந்து எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நிகழ்ந்தது. வெளிநாட்டு விருந்தினரை மலைவண்டியில் இவ்வழி கூட்டிவருவதே அவன் எண்ணம். வனத்திணைக்களத்துக்கு அனுமதி கேட்டு எழுதியும் இருக்கிறான். வேண்டாம் என்றேன். விறகெடுக்கும் பெண்களும் மாடு மேய்ப்பாரும் தம் பாதையிலே ஒதுங்கி நிற்கும் நாள் வந்துவிடும் என்றேன். கலிபோர்னியக் கதையையும் சொன்னேன்.

"ஐயா, உல்லாசப் பயணியள் குடுக்கிற காசு கடற்கரையைத் தாண்டி இஞ்சால வாறதில்லை. இந்த ஊரில ஆர் இளநி விப்பினம், ஆருக்கு விப்பினம்? பாதையை நீங்களே மறந்துபோனியள். நானும் வராட்டி ஆர் வைச்சிருக்கிறது?"

இக்கேள்விக்கு உடனே மறுமொழி வரவில்லை. மூடிக்கிடந்த வாயிலின்முன் காலையில் நான் விழித்து நின்றதை அவன் கண்டவன். ஊர்ப்பெயரை இக்கட்டுரையில் மறைத்ததற்கும் இதுவே காரணம். அனுமதியும் ஊராரின் இணக்கமும் வருமுன் அவ்விடத்தைப் பத்திரிகையிற் சொல்ல எனக்கு உரிமையில்லை.

முதியவரைக் கேட்டோம். அவர் வெற்றிலையைக் குதப்பியபடி நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, காலையில் மாடு ஏறும் நேரமும் மாலையில் இறங்கும் நேரமும் வரவேண்டாம் என்றார். வளைவை விட்டு நேரே இறங்கலாகாது என்றார். அந்தக் கீறலை மழைக்கு முன்னம் கல்லடுக்கி மறிக்கவேண்டும் என்றார். கடைசியாக எழுந்து, மலைவண்டியின் கைபிடியைத் தடவிப் பார்த்து, "மணி இல்லாத சயிக்கிளோ?" என்று வியந்தார்.

இறங்கி வந்தபின் என் லுமாலாவின் மணியைக் கழற்றினேன். மலைவண்டியின் கைபிடிக் குழாய் நடுவிற் பருத்திருந்தபடியால் பட்டி பொருந்தவில்லை. வீதியோரத்துச் சயிக்கிட் கடையிற் பழைய ரியூப்பில் ஒரு துண்டு வெட்டி வாங்கி, இழுத்துக் கட்டிக் கொடுத்தேன். மறுநாட் காலை, ஆறரை மணியளவில், அதன் ஓசை நிலாவெளி வீதி வழியே வடக்கு நோக்கிப் போவதைக் கேட்டேன். கல்லடுக்கப் போகிறான் என்று அவனுடைய அம்மம்மா சொன்னா.