காணி விற்கும் கந்தோரில் ஓர் உத்தியோகம்

உத்தியோகம் புருஷ லட்சணம் என்றனர் முன்னோர். இன்று அது பெண்களுக்கும் உரிய லட்சணமாகிவிட்டது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பத்திரிகை விளம்பரங்களைப் புரட்டும் நம் பிள்ளைகளின் கண்ணிற் படுபவற்றுள் ஒன்று, காணி, வீடு விற்பனை நிலையங்களுக்கு உதவியாளர் தேவை என்பது. அவ்வுத்தியோகம் எத்தகையது, அதன் ஊதியம் யாது என்பதைச் சற்று ஆராய்வோம்.

வாங்க வருபவரை அழைத்துச் சென்று காணியைக் காட்டுதல் அவ்வேலையிற் சிறு பகுதியே. உறுதிப் பிரதிகளைச் சேகரித்தல், காணிப் பதிவகத்திற் சென்று உரிமைத் தொடரையும் ஈடுகளையும் தேடுதல், நில அளவைப் படத்தை எல்லைகளுடன் ஒப்பிடுதல், நொத்தாரிசிடம் நாள் குறித்தல் ஆகியனவே பெரும் பகுதி. காணி விற்பனையானது எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்பட்டாலன்றிச் செல்லாது என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். யாழ்ப்பாணத்திலோ, தேசவழமைக்குட்பட்டோரின் பிரிவிடாத பங்குக் காணியை அந்நியருக்கு விற்குமுன் பங்காளிகளுக்கு அறிவித்தல் வேண்டும் என்பதையும் அறிந்திருத்தல் அவசியம். 10 பேர்ச்சஸ் ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர் என்னும் கணக்கும் நாவில் நிற்க வேண்டும்.

இனி ஊதியம். விற்பவரிடமிருந்து நூற்றுக்கு 3 வீதம் வரை தரகு பெறுதல் கொழும்பிற் பெருவழக்கு. 2 கோடி ரூபா பெறுமதியான வீடொன்று விற்பனையானால் நிலையத்துக்கு 6 இலட்சம் கிடைக்கும். அதிற் பத்தில் ஒரு பங்கு உதவியாளருக்கு எனப் பேசியிருந்தால், 60,000 ரூபா கைக்கு வரும். கேட்கும்போது இனிக்கவே செய்யும். ஆனால் ஆறு மாதத்தில் அந்த ஒரு விற்பனைதான் நடந்ததெனின், மாத வருமானம் 10,000 ரூபாவே! 2026 சனவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளமோ 30,000 ரூபா.

நிலையான சம்பளத்திற்கு வேறொரு பயனும் உண்டு. மாதம் 40,000 ரூபா பெறும் ஊழியருக்காக, ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் 3,200 ரூபாவும், தொழில் கொள்வோர் 4,800 ரூபாவும் செலுத்துவர். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில் கொள்வோர் மேலும் 1,200 ரூபா கட்டுவர். தரகை மட்டும் கொடுத்து, 'நீர் நமது ஊழியரல்லர்' எனக் கைவிரிப்போரும் உளர். ஆகையால் நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குதல் முதற் கடமை. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் அதனை உரிமையாகவே அளித்துள்ளது.

இவ்விஷயம் உதவியாளரின் வயிற்றுப்பாட்டோடு மட்டும் நின்றுவிடுவதன்று. விற்றால்தான் அடுப்பெரியும் என்னும் நிலையிலுள்ள ஒருவர், காணியில் ஈடு இருப்பதைக் கண்டும் வாய் திறவாதிருக்கத் தூண்டப்படலாம். தாம் அறியாத ஒருவரை 'அறிவேன்' என்று கூறிச் சாட்சியொப்பமும் இட நேரலாம். ஆள் மாறாட்டத்தால் காணிகள் பறிபோவதற்கு அத்தகைய ஒப்பமே வாயிலாகின்றது. மகளின் சீதனத்துக்கென்றோ, முதுமைக்கு ஒரு நிழலென்றோ சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அவ்வொரு கையெழுத்தால் அழிந்துவிடும். ஒப்பமிட்டவரோ நீதிமன்றப் படியேற நேரும்.

எனவே, இத்தொழிலை நாடும் இளைஞரும் யுவதிகளும் அடிப்படைச் சம்பளத்தை முதலிலும், தரகுப் பங்கை இரண்டாவதாகவும், இரண்டையும் எழுத்திலும் பேசிக்கொள்வார்களாக. உறுதி வாசிக்கவும் பதிவேடு தேடவும் அங்கே கற்கும் வித்தை, பின்னாளில் சட்டம் பயிலவும் நில அளவை பயிலவும் கைகொடுக்கும். பெற்றோரும், 'எவ்வளவு கிடைக்கும்?' என்று வினவுவதோடு அமையாது, 'எதற்காகக் கிடைக்கும்?' என்றும் பிள்ளைகளிடம் வினவுதல் நன்று.